கண்ணாடிக்கு அடங்காத கிளை

"குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று இருதய டாக்டர் கேட்டபோது, பெற்ற பெண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டு நிற்கிற அந்த நிலைமையிலும் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கேள்விக்கு அவளைப் போல் பதில் சொல்ல அந்த வார்டில் இன்னொருத்தி கிடையாது.

"இல்லைங்க டாக்டர். எங்க பக்கம், அவர் பக்கம், ரெண்டுக்கும் ஆறு தலைமுறைக்கு நானே வம்சாவளி போட்டு வெச்சிருக்கேன். அப்படி ஒருத்தர்கூட இல்ல."

ஆராய்ச்சி என்பது அவளுடைய பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில், சேலைகளுக்கு இடம் விடாமல் அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த ஆய்வேட்டைப் பார்த்து மாமனார் வைத்த பெயர். பழைய பஞ்சாலை ஒன்றின் தொழிலாளர்களைத் தேடித் தேடிப் பேசி, இரண்டு வருஷம் நாயாய் அலைந்து எழுதியது. அதைக் காட்டி ஒரு வேலையும் கிடைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் புகார் ஃபோன் எடுக்கும் வேலைதான் வாய்த்தது. "எப்பலேர்ந்து கூலிங் இல்லைங்க?" என்று கேட்க எதற்கு முதுகலைப் பட்டம் என்று கணவன் கேலி பண்ணுவான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு எதையாவது கழற்றி மாட்டினால்தான் அது படிப்பு. அவளும் சிரித்துவிட்டுப் போவாள். நாற்பதைத் தாண்டியதும் உள்ளே கிடந்த புழு நெளிய ஆரம்பித்தது. வம்சாவளி வரைகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

பெண்ணுக்கு வீட்டில் வாத்து என்று பெயர். வயது பதினான்கு. கைக்குழந்தையிலிருந்தே ஆஸ்துமா. மூச்சுக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி நீச்சலில் சேர்த்துவிட, அப்புறம் தண்ணீரைவிட்டு வெளியே இழுப்பதுதான் பெரும்பாடாகிப் போனது. நேற்றுச் சாயங்காலம் பயிற்சியின் நடுவில் அவளுடைய கையும் காலும் சட்டென்று நின்றுபோய், கட்டை மாதிரி மிதந்தாள். கோச் குதித்து இழுத்துப் போட்டார். இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தவள், "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்று கேட்டாளாம்.

டாக்டர் அந்த ஈ.சி.ஜி. காகிதத்தைக் கீழே வைக்காமல் பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி. அலங்காரப் பேச்செல்லாம் அவரிடம் கிடையாது.

"இதுல ஒரு இடம் கொஞ்சம் நீளமா இருக்கு. கோளாறுன்னு அடிச்சுச் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. பரம்பரையா வர்ற ஒண்ணு இருக்கு. ஆளு நல்லாத்தான் இருப்பாங்க. ஓடும்போதோ நீந்தும்போதோ இதயம் தாளம் தப்பி அப்படியே நின்னுடும். அதுதான்னா மாத்திரை குடுக்கணும். ஆனா அந்த மாத்திரை ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு மூச்சையே அடைச்சாலும் அடைச்சிடும். வெறும் சந்தேகத்துக்கு நான் குடுக்க மாட்டேன். ரத்தத்த அனுப்பி ஜீன் டெஸ்ட் பண்ணலாம், ரிசல்ட் வர மாசக்கணக்காகும். அதான் குடும்பத்தப் பத்திக் கேட்டேன். யாரும் இல்லன்னா நல்லதாப் போச்சு. சோர்வுல வந்த மயக்கமாத்தான் இருக்கும். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு நீந்தட்டும்."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது ஆராய்ச்சிக்கு. கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாத்துக்கு ஜூஸ் வாங்கி வருகிறேன் என்று கேன்டீனுக்கு ஓடினான். அவள் வீட்டுக்குப் போய் மாற்று உடுப்பு எடுத்து வருவதாக ஏற்பாடு. கட்டிலருகே மாமனார்தான் மிச்சம்.

"கொஞ்ச நேரம் இவளப் பாத்துக்குங்க மாமா."

"அவன் வந்துடட்டும்" என்றார் மாமனார்.

"இதோ வந்துடுவார். நீங்க சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

அவர் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேத்தியின் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தபடி நின்றார். இதில் அவளுக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் உண்டு. பேத்தியைக் கொஞ்சுவார், சின்னவளாக இருந்தபோது தோளில் தூக்கிப்போட்டுச் சுற்றியிருக்கிறார். ஆனால் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு யாராவது கடைக்குக் கிளம்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு அவரும் கிளம்பிவிடுவார். நீச்சல் குளத்துப் பக்கம் ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற மனுஷர் என்று அவள் தன் அம்மாவிடம் பலமுறை புலம்பியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, வாத்தின் உடுப்புகளைப் பையில் திணித்துக்கொண்டு கூடத்தைத் தாண்டியவள், பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்தாள். அவளுடைய வம்சாவளி அங்கே கண்ணாடிக்குள் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. மாமனார் படச் சட்டம் போடும் தொழில் செய்து ஓய்ந்தவர். மருமகள் வரைந்ததற்குத் தானே சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். அவள் முதலில் வரைந்த தாள் இதைவிட அகலம். டேப்பை வைத்து அளந்துவிட்டு, "இவ்ளோ அகலத்துக்குக் கண்ணாடி கிடைக்காதும்மா. வாரிசு இல்லாதவங்கள எடுத்துடு, கச்சிதமா உக்காரும்" என்றார். அவளும் எடுத்தாள். கல்யாணம் பண்ணாத பெரியப்பா, பிள்ளையில்லாத சித்தி என்று ஒரு கொத்தே போனது. அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும் வாரிசு உள்ளவர்களை மட்டுமே கேட்டாள். மாமனாரின் கூடப்பிறந்தவர்கள் என்று கேட்டதற்கு, "நானும் தங்கச்சியும்தான்" என்றார். எழுதிக்கொண்டாள். பெரியவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஒரு பாட்டன், கீழே ஒரு கோடு. ஒரு பாட்டி, கீழே ஒரு கோடு. எல்லோருக்கும் கீழே ஒரு கோடு ஓடியது. கடைசி வரிசைப் பிள்ளைகளை விட்டால், கோடில்லாத ஆள் அந்தக் கண்ணாடிக்குள் ஒருவர்கூட இல்லை.

பை கையிலிருந்து நழுவியது.

கல்லூரியில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒரு பேராசிரியை. கைடு மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வேட்டின் முதல் பிரதியில், அந்தப் பஞ்சாலையில் உயிர்ச்சேதம் ஏற்பட்ட விபத்து எதுவும் நடந்ததில்லை என்று அவள் எழுதியிருந்தாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எழுதியது முழுக்கத் திரும்பிவரும் என்று அர்த்தம்.

"இத யாரு சொன்னது?"

"வேலை பாத்தவங்களே சொன்னாங்க மேடம். நாப்பது பேர்கிட்டப் பேசினேன்."

"எல்லாரும் உயிரோட இருக்கறவங்க. செத்தவன் எப்படி உன்கிட்ட வந்து பேசுவான்? முதல்ல உன் லிஸ்ட்ல யாரு வர முடியாதுன்னு பாரு. அப்புறம் இல்லன்னு சொல்லு."

சாகும்வரை மறக்கமாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தாள். கழுதை, சுத்தமாக மறந்துதான் போயிருந்தாள். பொழுதுபோக்குதானே என்று, தபால்தலை ஒட்டுகிற மாதிரி ஆட்களை ஒட்டிக்கொண்டு போயிருந்தாள். சின்ன வயதில் செத்தவர்களுக்கு வாரிசு கிடையாது. வாரிசு இல்லாதவர்களுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. அப்படிப்பட்ட தாளை வைத்துக்கொண்டுதான், சின்ன வயதில் யாரும் சாகவில்லை என்று டாக்டரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பதிலை நம்பித்தான் இன்னும் ரெண்டு வாரத்தில் வாத்து தண்ணீரில் குதிக்கப்போகிறது.

கை தன்னால் ஃபோனை எடுத்துத் தன் அம்மாவைக் கூப்பிட்டது. சொந்தப் பக்கத்துக் கதையெல்லாம் அம்மாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. மஞ்சள் காமாலையில் போன ஒரு மாமாவைத் தவிர யாரும் இல்லை. அப்படியானால் இந்தப் பக்கம். இந்தப் பக்கத்துக்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி, மாமனார். ஒற்றைச் சாட்சியை வைத்துக்கொண்டு வரலாறு எழுதினால் மேடம் அந்தக் காகிதத்தை மூஞ்சியிலேயே விட்டெறிவார்.

வம்சாவளிக்குப் பக்கத்திலேயே மாமனார் வீட்டுப் பழைய குடும்பப் படம் தொங்கியது. நாற்காலியில் அவருடைய அப்பாவும் அம்மாவும். அம்மா மடியில் நாலு வயதுத் தங்கச்சி. பக்கத்தில் எட்டு வயதுப் பையனாக மாமனார். பல வருஷமாகத் தூசி தட்டுகிற படம். இன்றைக்குத்தான் அதை ஒரு பஞ்சாலைப் படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் நாற்காலியில் இருப்பவர்களை நட்டநடுவில்தான் வைப்பார்கள். அப்படி இல்லையென்றால் ஓரத்தில் எதுவோ போயிருக்கிறது என்று அர்த்தம். மேனேஜரை நடுவிலிருந்து தள்ளி உட்கார வைத்த படம் எதையும் அவள் ஆய்வில் பார்த்ததே இல்லை. இந்தப் படத்தில் நாற்காலிகள் இடது ஓரத்தை ஒட்டிக் கிடந்தன.

ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்க ஆணிகளைக் கத்திமுனையால் நெம்பினாள். பதற்றத்தில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டாள். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை இருந்தது. ஜன்னல் மாதிரி வெட்டி, படத்தின் ஓரத்தை மூடுவதற்காக வைப்பது. அதை எடுத்தாள்.

அட்டைக்கு அடியில் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். ஒரு கை நாற்காலியின் முதுகில். சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். வாத்தின் அதே அகன்ற நெற்றி. வெட்டுக் கத்தியோடு வாழ்நாளைக் கழித்த மனிதர் அவளை வெட்டி எறியவில்லை. அட்டையை நகர்த்தி மூடி மட்டும் வைத்திருந்தார்.

அத்தையைக் கூப்பிட்டாள். மாமனாரின் தங்கை, அந்தப் படத்தில் மடியில் இருக்கிற குழந்தை. கணவன் கூப்பிடுவது போலவே இவளும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். "உங்களுக்கு அக்கா இருந்தாங்களா?" என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. அதைக் கேட்டால், இல்லை என்ற பதில் தயாராக இருக்கும். பதிலை வாயில் ஊட்டாதே, மறுக்க ஒன்றுமில்லாததைக் கேள் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

"அத்தை, சின்ன வயசுல அந்த வீட்ல நீங்கல்லாம் எப்படிப் படுப்பீங்க?"

அத்தை சிரித்தார். "ஆராய்ச்சி ஆரம்பிச்சுட்டியா? புள்ள ஆஸ்பத்திரில கிடக்கறப்பக்கூடவா? ஒரே ரூமுதான். அப்பா வாசல் பக்கம். அண்ணன் ஜன்னலோரம். அம்மா, அப்புறம் நான். அக்கா சுவத்தோரம், அவ கால நீட்டினா என் தலையில இடிக்கும்…"

பேச்சு நின்றுபோனது. ஆராய்ச்சி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குள் அவளுக்கு உயிர் போயிற்று.

"அவ பேச்ச எடுத்தா அண்ணனுக்குப் பிடிக்காதும்மா" என்றார் அத்தை கடைசியில். "ஆத்துல போயிட்டா. படம் எடுத்த அதே வருஷம். எனக்கு விவரம் தெரியாத வயசு. அண்ணன்தான் கூட இருந்துச்சு. வேற எதுவும் தெரியாது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

ஆட்டோவில் ஏறிக்கொண்டே கணவனைக் கூப்பிட்டாள்.

"ஒயரெல்லாம் கழட்டிட்டாங்க" என்றான் அவன் உற்சாகமாக. "மாடிப்படியில யாரு முதல்ல இறங்கறதுன்னு என்கிட்டப் பந்தயம் கட்டறா."

"படுக்க வைங்க. நடக்கவே விடாதீங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"உங்களுக்கு ஒரு பெரிய அத்தை இருந்திருக்காங்க."

"சரி, அதுக்கு?"

"வந்து சொல்றேன்" என்று ஃபோனை வைத்தாள். ஆட்டோக்காரரிடம் கொஞ்சம் சீக்கிரம், கொஞ்சம் சீக்கிரம் என்று கெஞ்சினாள். சிக்னல் ஒவ்வொன்றும் அவளுக்காகவே சிவந்தது.

டாக்டரை வெளிநோயாளிகள் அறை வாசலில் மடக்கினாள். படத்தைக் காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"ஆத்துல போனவங்க எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் இருப்பாங்கம்மா. நீச்சல் தெரியாம போயிருக்கலாம், சுழல்ல மாட்டியிருக்கலாம். இத வெச்சு ஆஸ்துமா இருக்கற பொண்ணோட மூச்சுல நான் கை வைக்க முடியாது. பக்கத்துல இருந்து பாத்தவங்க யாராவது உயிரோட இருக்காங்களா?"

"எங்க மாமனார்."

"என்ன நடந்ததுன்னு அவர் வாயால சொல்லட்டும். நீங்க சொல்லிக் குடுத்துச் சொல்ற பதில் எனக்கு வேணாம். பக்கத்துக் கட்டடத்துல எனக்கு ஒரு ஆபரேஷன் இருக்கு. போறதுக்கு முன்னாடி மேல வரேன். அதுக்குள்ள கேளுங்க."

மாமனார் வார்டுக்கு வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகன் வந்துவிட்டதால் காவல் முடிந்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. ஆராய்ச்சி நேராகப் போய்ப் படத்தை அவர் மடியில் போட்டாள்.

"மாமா, இவங்க எப்படிச் செத்தாங்க?"

கற்றுக்கொண்டதையெல்லாம் காற்றில் விட்டுவிட்டு, போலீஸ்காரர் மாதிரி கேட்டாள். அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"யாரக் கேட்டு இதப் பிரிச்ச?"

"மாமா, கால்ல விழறேன். சொல்லுங்க."

"கால் வழுக்கிடுச்சு. போயிட்டா. அவ்ளோதான்."

அந்த வாக்கியம் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி மழுங்கிப்போனது என்பது கேட்கும்போதே தெரிந்தது. அதற்குமேல் அவர் வாயைத் திறப்பதாக இல்லை. உள்ளே டிஸ்சார்ஜ் ஆகிற பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வந்து நின்றது. தனக்கு எதற்கு நாற்காலி, தான் ஓடியே போவேன் என்று வாத்து சத்தம் போட்டது வெளியே கேட்டது. ஆராய்ச்சிக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. உன் கௌரவம் பெரிசா, என் பிள்ளை பெரிசா என்று அந்த நடைபாதையே அதிரக் கத்தவேண்டும் போலிருந்தது.

பஞ்சாலையில் ஒரு கிழவர் இருந்தார். இயந்திரத்தில் கையை விட்டுச் செத்துப்போன தம்பியைப் பற்றிக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டார். அழுதுகொண்டு வந்தவளிடம் மேடம் சொன்னார்: சாவைக் கேட்காதே. அன்றைக்குக் காலையைக் கேள். காலையில் ஆரம்பித்தால் ஆள் தானாக நடந்து அங்கே வந்து சேருவான். நீ அவசரப்படாதே.

அவசரப்படாதே. உள்ளே சக்கர நாற்காலி நிற்கிறது, அவசரப்படாதே.

ஆராய்ச்சி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரத்தம் கசிந்த கட்டைவிரலை முந்தானையால் சுற்றிக்கொண்டாள்.

"அன்னிக்குக் காலைல உங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததா மாமா?"

அவர் கவிழ்த்த படத்தின் முனையை விரலால் தடவினார். "லீவு" என்றார் பிறகு.

"எதுக்கு ஆத்துக்குப் போனீங்க?"

"அம்மா துணி தொவைக்கப் போனாங்க. நாங்களும் பின்னாடியே போனோம்."

"உங்க கையில என்ன இருந்தது?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"அக்காவோட துண்டு. அத நனைக்காம வெச்சுக்கன்னு குடுத்தா. அம்மா தங்கச்சிக்குப் பசிக்குதுன்னு வீட்டுக்குக் கிளம்பினாங்க. போறப்ப, அக்காவப் பாத்துக்கோ, பாறையத் தாண்டிப் போனா கூப்பிடுன்னு சொல்லிட்டுப் போனாங்க." மாமனார் அந்தத் துண்டு இன்னும் இருக்கிற மாதிரி கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார். "அவ மீன் மாதிரி. ஊர்ல ஆம்பளப் பசங்களே அவகிட்டத் தோத்துடுவானுங்க. நூறு எண்ணுடா, அதுக்குள்ள அந்தக் கரையத் தொட்டுட்டு வந்துடறேன்னா. நான் எண்ணினேன்."

கை கால் அடித்தார்களா, கத்தினார்களா என்று கேட்டுவிடத் துடித்தது ஆராய்ச்சியின் நாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். நடைபாதை முனையில் டாக்டர் வந்து நின்றதை அவள் பார்த்தாள். மாமனார் பார்க்கவில்லை.

"அங்க உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க மாமா?"

"கல்லு அடுக்கிட்டிருந்தேன். தட்டைக் கல்லு. ஒண்ணு மேல ஒண்ணு. அடுக்கிட்டே எண்ணினேன். அறுபது வந்திருக்கும், தண்ணிச் சத்தம் நின்னுபோச்சு. சட்டுனு நின்னுடுச்சு. என்னை ஏமாத்தறான்னு நினைச்சேன். தலையத் தூக்கினா கல்லு சரிஞ்சிடும்." குரல் உடைந்தது. "நூறு வரைக்கும் எண்ணி முடிச்சேம்மா. முடிச்சிட்டுத்தான் பாத்தேன். அவளுக்கு இடுப்பளவு தண்ணி. குப்புறக் கிடந்தா. எந்திரிச்சு நின்னிருந்தாப் போதும். ஒரு சத்தம் வரல, ஒரு கை மேல வரல. கூப்பிட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேனா? ஏன் கூப்பிடல? இத்தன வருஷமா அதத்தான் கேட்டுட்டிருக்கேன்."

டாக்டர் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தார். "அதுக்கு முன்னாடி எப்பவாவது அவங்களுக்கு ஏதாவது ஆச்சுங்களாய்யா?"

"பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்துல ஒருவாட்டி விழுந்தா" என்றார் அவர், யார் கேட்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். "எந்திரிச்சு, ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்கன்னு கேட்டா."

நேற்று வாத்து கேட்ட அதே வார்த்தைகள். டாக்டர் எழுந்து உள்ளே போய், சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கணவனுக்கும் மாமனாருக்கும் நெஞ்சில் ஒயரை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கணவனுடையதில் ஒன்றும் தெரியவில்லை. சிலருக்கு உடம்பில் இருந்தும் வெளியே காட்டாதாம். மாமனாருடையதில் அந்த இடம் வாத்தினுடையதைவிட நீளமாக இருந்தது. அந்தக் கோளாறை உடம்பில் சுமந்துகொண்டே, அது ஒரு நாளும் கண் விழிக்காமல் வயசாகிவிட்ட அதிர்ஷ்டசாலி. சந்தேகம் தீர்ந்தது என்றார் டாக்டர். மாத்திரையைச் சிட்டிகை அளவில் தொடங்கி, மூச்சைப் பக்கத்திலேயே இருந்து கவனிக்கவேண்டும். தாங்கவில்லையென்றால் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்கவேண்டும். எதுவானாலும் இன்னும் சில நாள் ஆஸ்பத்திரிதான்.

"எப்ப நீந்தலாம்?" என்று கேட்டது வாத்து.

டாக்டர் ஈ.சி.ஜி. காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெண்ணைப் பிழைக்க வைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட ஆராய்ச்சியால் முடியவில்லை. பெண்ணுடைய உலகத்தைப் பிடுங்கியது தானேதான் என்று தோன்றியது. மறுபடி கேட்டாலும் பிடுங்கத்தான் செய்வேன் என்றும் தோன்றியது. அந்த முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாமனார் டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நான் அறுபதுலயே தலையத் தூக்கியிருந்தா?"

டாக்டர் அவசரத்தில் இருந்தார். ஆனாலும் நின்று பதில் சொன்னார்.

"அவங்க தண்ணியில முங்கிச் சாகலைய்யா. இதயம் நின்னுபோச்சு, அதுக்கப்புறம்தான் விழுந்தாங்க. அதான் கூப்பிடல. நீங்க அறுபதுல தலையத் தூக்கியிருந்தா, அவங்க கிடக்கறத கொஞ்சம் முன்னாடி பாத்திருப்பீங்க. எட்டு வயசுப் பையன் அதுக்கு மேல ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

டாக்டர் போய்விட்டார். மாமனார் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கவிழ்த்து வைத்த படத்தைத் திருப்பி, அக்காவின் முகத்தை விரலால் துடைத்தார். ஆராய்ச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த மனுஷரைப் பொறுப்பில்லாதவர் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. இனிமேல் பெரிய தாளில் வரைந்துகொள்ளலாம் மாமா, கண்ணாடி கிடைக்காவிட்டால் போகிறது என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எங்கம்மா என்னை ஒரு வார்த்த திட்டினதில்ல" என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அடிச்சதில்ல. ஆனா அன்னிக்கப்புறம் அடுப்புல பால வெச்சா, பக்கத்துல நான் சும்மா நின்னுட்டிருந்தாலும், அடுத்த வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டுத்தான் பாத்துக்கச் சொல்லுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆகி, புள்ள பொறந்து, அவங்க சாகற வரைக்கும் அப்படித்தான்." நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மேல் விரலை வைத்தார். "என் மேல தப்பு இல்லையாம். உனக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்க போய்ச் சேந்துட்டாங்களேம்மா. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"